இன்சுலினோமா: ரத்தப் பரிசோதனை முதல் அறுவை சிகிச்சை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

விடியற்காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தாலும் வேர்த்துக் கொட்டியிருக்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்பார். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்த கால் மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி பேசுவார். நடந்ததைக் கேட்டால் நினைவிருக்காது.

இப்படிப்பட்டவர்களில் பலர் முதலில் போய்ச் சேர்வது நரம்பியல் மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோதான். வலிப்புக்கான மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடும். உண்மையான காரணம் கணையத்துக்குள் சுண்டைக்காய் அளவில் இருக்கும் ஒரு கட்டி. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் உருவாகும் இதற்குப் பெயர் இன்சுலினோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்று முதல் நான்கு பேருக்குத்தான் வருகிறது. அதில் ஏறத்தாழ 90% பரவும் தன்மை இல்லாதவை, 90% ஒற்றைக் கட்டி, 90% இரண்டு செ.மீ.க்கும் சிறியவை. சரியாக எடுத்துவிட்டால் நோய் அன்றோடு தீர்ந்தது.

‘சரியாக’ என்பதில்தான் சிக்கல். இந்த நோயில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை வரிசை மாறுவதால் வருபவை. ரத்தத்தில் நிரூபிக்கும் முன்பே ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் நோயே இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். அல்லது ஸ்கேனில் தெரிந்த சம்பந்தமில்லாத ஒன்றை வெட்டுவார்கள்.

முதல் படி: சர்க்கரை உண்மையிலேயே இறங்குகிறதா?

1930-களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் மூன்று நிபந்தனைகள் வைத்தார். குறை சர்க்கரையின் அறிகுறிகள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் அறிகுறி மறைய வேண்டும். இன்றுவரை இதை மிஞ்சிய வாசல்படி கிடையாது. தானாகவோ, அடுத்த படியில் வரும் பட்டினிச் சோதனையிலோ, மூன்றும் சேர்ந்து ஒரு முறையாவது பதிவாகாதவருக்கு மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம்.

அறிகுறிகள் இரண்டு வகை. வேர்ப்பது, படபடப்பு, கை நடுக்கம், அகோரப் பசி என்பவை உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது, விநோதமான நடத்தை, வலிப்பு, மயக்கம் ஆகியவை மூளைக்குச் சர்க்கரை போதாததால் வருபவை. இன்சுலினோமாவில் இரண்டாவது வகையே முந்திக்கொண்டு நிற்கும். அடிக்கடி சர்க்கரை இறங்கி இறங்கி உடல் பழகிவிடுவதால் மணி அடிப்பதே நின்றுபோகிறது. சாப்பிட்டால் சரியாகிறது என்று கண்டுகொண்டவர்கள் ராத்திரி அலாரம் வைத்து எழுந்து சாப்பிடுவார்கள், எடை கூடும். ஏகாதசி விரதத்தன்றோ ரமலான் நோன்பிலோ முதன்முதலாக மயங்கி விழுவதும் உண்டு.

எப்போது வருகிறது என்பதைத் துருவிக் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில், விடியற்காலையில், உணவு தள்ளிப்போனால், உடற்பயிற்சி செய்தால் என்றால் இன்சுலினோமா பக்கம் சாய்கிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் மட்டும் என்றால், இரைப்பை அறுவை செய்துகொண்டவரா என்று முதலில் பாருங்கள். அது பெரும்பாலும் வேறு கதை.

வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரை நம்பி முடிவெடுக்கக் கூடாது. குறைந்த அளவுகளில் அது தடுமாறும். சிரையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பார்த்த அளவுதான் கணக்கு. அந்த ரத்தமும் சாம்பல் நிற மூடி போட்ட, ஃபுளோரைடு உள்ள குழாயில் போக வேண்டும். சாதாரணக் குழாயில் போட்டு இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்தால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். இல்லாத நோய் ஒன்று தாளில் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: 72 மணி நேரப் பட்டினிச் சோதனை

இதுதான் முழு வழிகாட்டியின் முதுகெலும்பு. மருத்துவமனையில் படுக்க வைத்துத்தான் செய்ய வேண்டும், வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது. தொடங்கும் முன்பே கையில் ஊசிவழி போட்டு வைத்து, படுக்கை அருகில் 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) தயாராக இருக்க வேண்டும்.

கடைசி உணவின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது. அவசியமில்லாத மாத்திரைகளை நிறுத்த வேண்டும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காபி, டீ, இனிப்பான எதுவும் கூடாது. நோயாளி படுத்தே கிடக்காமல், விழித்திருக்கும் நேரத்தில் வார்டுக்குள் நடமாட வேண்டும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு (கணையம் இன்சுலினோடு சேர்த்தே வெளியிடுவது), பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் (ஒரு கீட்டோன்) பார்க்க வேண்டும். வசதி இருந்தால் இன்சுலினின் முன்வடிவமான புரோ-இன்சுலினும். சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழ் போனால் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் எளிய கேள்விகள் கேளுங்கள்: நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லலாம், வீட்டு முகவரி கேட்கலாம். பதில் குழறத் தொடங்கும் நிமிடம்தான் நாம் காத்திருந்த நிமிடம்.

சர்க்கரை 45-க்குக் கீழ் இறங்கி அறிகுறியும் தெரிந்தால் சோதனையை முடித்துவிடலாம். விப்பிளின் மூன்று நிபந்தனைகளும் ஏற்கெனவே பதிவானவருக்கு 55-க்குக் கீழ் வந்தாலே போதும். இங்கே ஒரு பதற்றத் தவறு அடிக்கடி நடக்கும்: நோயாளி வேர்ப்பதைப் பார்த்ததும் இரவுப் பணியில் இருப்பவர் குளுக்கோஸை ஏற்றிவிடுவார், ரத்தம் எடுக்க மறந்துவிடும். இரண்டு நாள் பட்டினி வீண். ரத்தம் எடுப்பது முதலில், ஏற்றுவது அடுத்து. இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட ஆகாது. வலிப்பு வந்துவிட்டால் மட்டும் இந்த ஒழுங்கைப் பார்க்க வேண்டாம்.

கடைசி ரத்தம் எடுத்ததும், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் 1 மி.கி. சிரை வழியாகச் செலுத்தி 10, 20, 30-ஆவது நிமிடங்களில் சர்க்கரை பாருங்கள். பிறகு சாப்பாடு.

சர்க்கரை 55-க்குக் குறைவாக இருந்த அந்த ரத்தத்தில் இப்படி இருந்தால், பின்னால் சொல்லும் ‘நடிப்பவை’ இல்லை என்றும் உறுதியானால், இன்சுலினோமா என்று எடுத்துக்கொள்ளலாம்:

- இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்/மி.லி. அல்லது அதற்கு மேல்
- சி-பெப்டைடு 0.6 நானோகிராம்/மி.லி. அல்லது அதற்கு மேல்
- புரோ-இன்சுலின் 5 பிக்கோமோல்/லிட்டர் அல்லது அதற்கு மேல்
- பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் 2.7 மில்லிமோல்/லிட்டர் அல்லது அதற்குக் கீழ்
- குளுக்ககானுக்குப் பிறகு சர்க்கரை குறைந்தது 25 மி.கி. ஏற்றம்

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. பட்டினி கிடக்கும் சாதாரண உடல் இன்சுலினை நிறுத்திவிடும். கொழுப்பை எரித்துக் கீட்டோன் தயாரிக்கும். கல்லீரலில் இருந்த சர்க்கரைச் சேமிப்பும் தீர்ந்திருக்கும். கட்டி உள்ளவர் உடலில் இன்சுலின் ஓயாமல் சுரப்பதால் கீட்டோன் எழும்பாது, கல்லீரல் சேமிப்பும் பூட்டியபடியே கிடக்கும். குளுக்ககான் அந்தப் பூட்டைத் திறந்ததும் சர்க்கரை குதிக்கிறது. ஆகவே 3 என்பது ‘இயல்பு வரம்புக்குள்தானே இருக்கிறது’ என்று ஆய்வகத் தாளைப் பார்த்துச் சொல்வது பெரிய பிழை. சர்க்கரை 40-ல் இருக்கும்போது இன்சுலின் இருக்கவே கூடாது. மறுபக்கம், ஆரோக்கியமான இளம் பெண்களுக்கு நீண்ட பட்டினியில் சர்க்கரை 40-களுக்கு இறங்குவதும் உண்டு. அப்போது இன்சுலின் அடங்கியிருக்கும், கீட்டோன் ஏறியிருக்கும். அது நோய் அல்ல.

மூன்றில் இரண்டு பேருக்கு முதல் 24 மணி நேரத்திலேயே சோதனை முடிந்துவிடும். 48 மணியைத் தாண்டுபவர்கள் கொஞ்சம்தான்.

இன்சுலின் பார்க்க எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்திருந்தால் அதிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்துப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மெல்லிய ஊசியால் இழுத்து, குழாயைக் குலுக்கி அனுப்பினால் இதுதான் நடக்கும். குழாயை ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவரா என்றும் கேளுங்கள். சில இன்சுலின் பரிசோதனைக் கருவிகளை அது ஏமாற்றும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சி-பெப்டைடு தேங்கி உயர்ந்து தெரியும்.

கட்டி போலவே நடிப்பவை

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிளிமிப்பிரைடு, கிளைபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியே தள்ளுபவை. தாத்தாவின் மாத்திரையைப் பேரன் தெரியாமல் விழுங்கினாலும், மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்தாலும் இன்சுலின், சி-பெப்டைடு எல்லாம் இன்சுலினோமா மாதிரியே உயர்ந்திருக்கும். ரத்தத்தில் அல்லது சிறுநீரில் அந்த மருந்தையே தேடிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அந்த மாதிரியையும் சர்க்கரை இறங்கிய அதே நேரத்தில் எடுக்க வேண்டும்.

இன்சுலின் ஊசி போட்டிருந்தால் இன்சுலின் மிக உயர்ந்து சி-பெப்டைடு அடிமட்டத்தில் இருக்கும், அதில் குழப்பமில்லை. இன்சுலின் நூறு, ஆயிரம் என்று நம்ப முடியாத அளவில் வந்தால் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி பாருங்கள். கார்பிமசோல் மாத்திரையும், நரம்புத் தளர்ச்சிக்கு என்று தாராளமாக எழுதப்படும் ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் இதைத் தூண்டக்கூடியவை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் இந்த நோய்க்குக் கணையத்தை வெட்டுவது கொடுமை.

கூடவே கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், புரோலாக்டின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு இது மென்-1 என்ற பரம்பரை நோயின் பகுதியாக வருகிறது. அவர்களுக்குக் கணையத்தில் ஒன்றுக்கு மேல் கட்டிகள் இருக்கும், அறுவையின் திட்டமே மாறும். குடும்பத்தில் சிறுநீரகக் கல், பிட்யூட்டரிக் கட்டி யாருக்காவது உண்டா என்று கேட்க மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: எங்கே இருக்கிறது?

ரத்தம் நிரூபித்த பிறகுதான் படம். கணையத்துக்கென்றே தனி முறையில் சி.டி. எடுக்க வேண்டும். சாயம் செலுத்திய 30-40 விநாடிகளில் ஒரு சுற்று, 70 விநாடி வாக்கில் இன்னொரு சுற்று, ஒவ்வொரு படத்துண்டின் தடிமனும் ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகாமல். ரத்த ஓட்டம் மிகுந்த கட்டி என்பதால் முதல் சுற்றில் மட்டும் பளிச்சென்று தெரிந்து, அடுத்ததில் மறைந்துவிடலாம். ‘வயிறு சி.டி.’ என்று பொதுவாக எழுதிக்கொடுத்தால் அந்த முதல் சுற்றே இருக்காது. குடிக்க வெள்ளை மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முன்சிறுகுடலின் வெளிச்சத்தில் பக்கத்துக் கட்டி அமுங்கிப்போகும்.

எம்.ஆர்.ஐ. அடுத்த தேர்வு. உணவுக்குழாய் வழியே போய் இரைப்பைக்குள்ளிருந்து பார்க்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு மிகவும் பயனுள்ளது. தலைப்பகுதியில் கட்டியைத் துல்லியமாகக் காட்டும், கணைய நீர் ஓடும் முதன்மைக் கணைய நாளத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்றும் அளந்து சொல்லும். வால்பகுதியில் அதன் கண் கொஞ்சம் மங்கல்தான்.

பெட் ஸ்கேனில் எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளுக்கெல்லாம் எழுதப்படும் டோட்டாடேட் பெட், சாதுவான இன்சுலினோமாவைப் பல நேரம் தவறவிடும். இக்கட்டியில் அது தேடும் சோமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகள் குறைவு, ஜி.எல்.பி.-1 ஏற்பிகள்தான் ஏராளம். அதைப் பிடிக்கும் எக்ஸெண்டின்-4 பெட் கிடைக்கும் இடத்தில் அதுவே சிறந்தது. ஆனால் அந்த மருந்தே இன்சுலினைத் தூண்டும் என்பதால், ஸ்கேன் முடியும்வரை குளுக்கோஸ் ஏற்றியபடி சர்க்கரையைக் கவனிக்க வேண்டும்.

எதிலும் தெரியவில்லையா? ரத்தக் குழாய் வழியே கால்சியம் செலுத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது. தொடைத் தமனி வழியாகப் போய், கணையத்துக்குப் போகும் ஒவ்வொரு தமனியிலும் கிலோ எடைக்கு 0.025 மில்லி ஈக்விவலன்ட் வீதம் கால்சியம் செலுத்தி, வலது கல்லீரல் சிரையிலிருந்து 20, 40, 60 விநாடிகளில் ரத்தம் எடுப்பார்கள். எந்தத் தமனியில் செலுத்தியபோது இன்சுலின் இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறதோ அந்தத் தமனியின் பகுதியில் கட்டி. மண்ணீரல் தமனி என்றால் உடலும் வாலும். இரைப்பை-முன்சிறுகுடல் தமனி என்றால் தலை.

படத்தில் ஏமாற்றும் ஒன்று உண்டு. கணையத்தின் வாலுக்குள்ளேயே பிறவியில் ஒதுங்கிய துணை மண்ணீரல், சி.டி.யில் இன்சுலினோமா போலவே பளிச்சிடும். எல்லாச் சுற்றிலும் பெரிய மண்ணீரலின் நிறத்தோடு ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள்.

நான்காம் படி: அறுவைக்கு முன்

காத்திருக்கும் நாட்களில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு, படுக்கும் முன் வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச் (கார்ன்ஃபிளார்) தண்ணீரில் கலந்து. போதாவிட்டால் இன்சுலின் சுரப்பை அடக்கும் டயசாக்சைடு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 8 மி.கி. வரை பிரித்து. கால் வீங்கும், முகத்தில் முடி வளரும். முன்பே சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஊசியான ஆக்ட்ரியோடைடைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. குளுக்ககானையும் சேர்த்து அடக்குவதால் சிலருக்குச் சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும். முதல் ஊசியை மருத்துவமனையில் கண்காணிப்பில்தான் போட வேண்டும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சிரை வழியே 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி., அதைத் தொடர்ந்து 10% டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்ஸ். வால்பகுதிக் கட்டி என்றால் மண்ணீரலை இழக்க நேரலாம். நியூமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா பி) தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். அறுவைக்கு முந்தைய இரவு வெறும் வயிறு என்பதால் ட்ரிப்ஸ் நிற்காமல் ஓட வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு அறிகுறி தெரியாது. அறுவை நடக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பது அதனால்தான்.

ஐந்தாம் படி: அறுவை

இன்சுலினோமா ஒன்று வெற்றிகரமாக அகற்றப்பட்டது 1929-ல், டொராண்டோவில், ராஸ்கோ கிரகாம் கையால். அடிப்படை இன்றும் அதுதான். லேப்ராஸ்கோப்பியும் ரோபோவும் வழியை மாற்றியிருக்கின்றன, வேலையை அல்ல. இடம் தெளிவாகத் தெரிந்த மேலோட்டமான கட்டிக்கு லேப்ராஸ்கோப்பி பொருத்தம். இடம் சந்தேகம் என்றாலோ மென்-1 என்றாலோ கைக்கு வேலை கொடுக்கும் திறந்த அறுவையே நல்லது.

முதலில் கல்லீரலைத் தடவிப் பரவல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையிலான சவ்வைத் திறந்து, இரைப்பையை மேலே தூக்கினால் கணையத்தின் உடலும் வாலும் கண்ணெதிரே வரும். முன்சிறுகுடலைப் பின்னாலிருந்து விடுவித்துப் பெருந்தமனியின் இடது ஓரம்வரை புரட்டினால் தலைப்பகுதி கைக்குள் அடங்கும்: பின்னால் விரல்கள், முன்னால் கட்டைவிரல். கட்டி சுற்றியுள்ள திசுவைவிடக் கெட்டியாக உருளும், மேலோட்டமாக இருந்தால் செம்பழுப்பாகத் தெரியும். பிறகு கணையத்தின் மேலேயே நேரடியாக வைக்கும் அல்ட்ராசவுண்டு. அதில் கட்டி கறுப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும். விரலும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தால் தப்பிப்பது மிக அரிது. அல்ட்ராசவுண்டின் பெரிய உபகாரம் கட்டியைக் காட்டுவதைவிட நாளத்தைக் காட்டுவதுதான்.

இரண்டு செ.மீ.க்குள், ஒற்றையாக, முதன்மை நாளத்திலிருந்து இரண்டு மூன்று மி.மீ.யாவது தள்ளி இருந்தால் கட்டியை மட்டும் நோண்டி எடுக்கலாம். அதன் மேல் இருக்கும் மெல்லிய திசுவைக் கீறி, பைபோலார் என்ற மின்கருவியால் சிறு ரத்தக் குழாய்களைப் பொசுக்கி, கொஞ்சம் பெரியவற்றுக்குக் கிளிப் போட்டு, கட்டியைச் சுற்றியுள்ள போலி உறைக்கும் கணையத்துக்கும் இடைப்பட்ட தளத்திலேயே சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். வெங்காயத்தைத் தோலோடு பிரிப்பது போன்ற வேலை. கட்டியைப் பிடுங்கக் கூடாது, உடைந்தால் துண்டு தங்கிவிடும். ஆழத்தில் பெரிய வெப்பம் காட்டினால் நாளம் அன்று தப்பினாலும் ஐந்தாம் நாள் ஒழுகும். எடுத்த இடத்தில் மீண்டும் அல்ட்ராசவுண்டு வைத்து நாளம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தில் டிரெய்ன் குழாய் வைத்து மூட வேண்டும்.

நாளத்தை ஒட்டியிருந்தால் அந்தப் பகுதியையே எடுப்பது பாதுகாப்பு. உடலிலோ வாலிலோ என்றால் வால்பகுதி நீக்கம். சாதுவான கட்டிக்கு மண்ணீரலைக் காப்பாற்ற முயல வேண்டும். கிமுரா முறையில் மண்ணீரலின் தமனி, சிரை இரண்டையும் கணையத்திலிருந்து உரித்துக் காக்கிறார்கள். 1988-ல் வார்ஷா விவரித்த முறையில் அவற்றைத் துண்டித்துவிட்டு, இரைப்பையிலிருந்து வரும் சிறு குழாய்களை நம்பி மண்ணீரலை விடுகிறார்கள். ரத்தக் கசிவில் நேரம் கரைந்தால் கிமுராவிலிருந்து வார்ஷாவுக்கு மாறுவது தோல்வி அல்ல. தலைக்குள் நாளத்தை அணைத்தபடி இருந்தால்தான், கணையத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து எடுக்கும் விப்பிள் அறுவை. அதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்.

கட்டி அகப்படாவிட்டால் குருட்டாம்போக்கில் வாலை வெட்டும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இன்சுலினோமா தலை, உடல், வால் மூன்றிலும் ஏறத்தாழச் சமமாகவே வருகிறது. கண்மூடி வாலை எடுத்தால் கட்டி உள்ளேயே தங்கி, நோயாளிக்குக் கணையமும் குறைந்துபோகும். மூடிவிட்டு, கால்சியம் சோதனை செய்து, மீண்டும் வருவதே நேர்மை.

அறுவைக்கு உடல் தாங்காதவர்களுக்கு எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு வழியாக ஊசி செலுத்திக் கட்டியைச் சுட்டுவிடும் சிகிச்சை உண்டு.

ஆறாம் படி: அறுவைக்குப் பின்

கட்டி போன ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை ஏறத் தொடங்கும், 200-ஐத் தாண்டுவதும் சகஜம். இத்தனை நாள் தூங்கிக் கிடந்த மற்ற பீட்டா செல்கள் விழிக்க நாளாகும். ட்ரிப்ஸில் டெக்ஸ்ட்ரோஸை நிறுத்துங்கள். நோயாளிக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதாக உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். தேவைப்பட்டால் சிறிய அளவு இன்சுலின். சில நாட்களில், அரிதாக இரண்டு மூன்று வாரங்களில் சீராகிவிடும். ஏற்றம் வந்ததாலேயே கட்டி முழுதும் போய்விட்டது என்றும் நம்பிவிடக் கூடாது. பட்டினியில் சர்க்கரை நிற்கிறதா என்பதுதான் சாட்சி.

கட்டியை மட்டும் நோண்டி எடுத்தவர்களுக்குக் கணைய நீர் ஒழுகுவதே முக்கியத் தொல்லை. டிரெய்ன் நீரில் மூன்றாம் நாள் அமைலேஸ் என்ற கணைய நொதியைப் பாருங்கள். ரத்தத்தின் இயல்பு உச்சவரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்து, காய்ச்சலோ வலியோ சேர்ந்திருந்தால் ஒழுக்கு என்று அர்த்தம். எண் மட்டும் உயர்ந்து, ஆள் நன்றாக இருந்தால் அது ரசாயன ஒழுக்கு. குழாயை விட்டு வைத்தால் தானே அடையும். டிரெய்னில் திடீரென்று சிவப்பு ரத்தம் வந்தால் அது வேறு: ஒழுகும் நீர் தமனிச் சுவரை அரித்திருக்கலாம். அந்த நிமிடமே ஆஞ்சியோகிராம்.

திசு ஆய்வுத் தாளில், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 எண்ணைத் தேடுங்கள். 3%-க்குக் குறைவு என்றால் முதல் தரம். இன்றைய வகைப்பாட்டில் கணைய நியூரோ எண்டோகிரைன் கட்டி எதற்கும் ‘முற்றிலும் சாது’ என்ற சான்றிதழ் கிடையாது. பெரிய கட்டி, கி-67 உயர்வு என்றால் தொடர் கண்காணிப்பு வேண்டும். மென்-1 உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுதும்.

வலிப்பு மாத்திரையைப் பழக்கமாகச் சாப்பிட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் தாங்களாகவே தூக்கி எறியக் கூடாது. சர்க்கரை சில வாரங்கள் சீராக நின்ற பிறகு நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். ராத்திரி அலாரத்தை மட்டும் அன்றைக்கே அணைத்துவிடலாம்.